ஆன்லைன் சைக்கிள் கடை: வாங்க வருபவர் குழம்பாதபடி பக்கத்தை அமைப்பது எப்படி?

கடைமேசை:
வணக்கம். கோவையில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்கு விற்பனைத் தளம் தயாராகிறது. முழுச் சைக்கிள் சுமார் 150 மாடல், உதிரி பாகங்கள் ஆயிரத்துச் சொச்சம். வடிவமைப்பாளர்கள் காட்டிய முதல் மாதிரியில் மேலே ஓடும் பேனர், அதன் கீழே பிராண்டு வரிசை, பட்டியல் பக்கத்தில் இருபதுக்கும் மேல் ஃபில்டர். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் போனில் வருவார்கள், அதிலும் பாதிப்பேர் பிள்ளைக்கு வாங்கும் பெற்றோர். சைஸ் தப்பி, டியூப் பொருந்தாமல் திரும்பி வரும் சரக்குதான் பெரிய பயம். முகப்பில் எதை முதலில் கேட்பது? சைஸை எப்படிக் காட்டுவது? உதிரி பாகப் பொருத்தத்தை யார் சரிபார்ப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுட்டிவடிவன்:
பேனரை முதலில் எடுத்துவிடுங்கள். போன் திரையின் முதல் பார்வையில் தேடல் பெட்டி, அதன் கீழே நான்கே வழி: குழந்தைக்கு, பெரியவருக்கு, உதிரி பாகம், என் ஆர்டர். பிராண்டு வரிசை கீழே போகட்டும். பிராண்டைத் தெரிந்து வருபவர் அதைத் தேடல் பெட்டியிலேயே அடித்துவிடுவார்.

குழந்தைப் பிரிவில் வயதைக் கேட்டால் சைஸ் தப்பும். ஏழு வயதுப் பிள்ளைகள் இருவருக்குள் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். உயரத்தைக் கேளுங்கள். தோராயமாக 12 இஞ்ச் சக்கரம் 85–100 செ.மீ., 16 இஞ்ச் 105–120, 20 இஞ்ச் 115–135, 24 இஞ்ச் 130–150. எல்லைகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். அதை மறைக்காமல், 118 செ.மீ. என்று போட்டால் 16, 20 இரண்டையும் காட்டி "இப்போதே கால் நன்றாக ஊன்ற வேண்டுமா, இன்னும் இரண்டு வருடம் ஓட்ட வேண்டுமா" என்ற ஒரு கேள்வியில் பிரித்துவிடலாம். உயரம் தெரியாத பெற்றோருக்கு வயதுப் பெட்டியும் இருக்கட்டும். ஆனால் முடிவுக்கு மேலே "இந்த வயதில் பொதுவான உயரம் இவ்வளவு, அளந்து உறுதி செய்யுங்கள்" என்று ஒரு வரி கட்டாயம்.

ஸ்பேனர்15:
உயரத்தோட நிறுத்தாதீங்க. ஒவ்வொரு குழந்தை சைக்கிளுக்கும் சீட்டை முழுசா இறக்கினா தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்னு ஒரு எண் வேணும். புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு அந்த எண், அதோட உள்கால் அளவைவிட (காலிடுக்குலேருந்து தரை வரைக்கும்) கூடவே கூடாது. கம்பெனி கேட்லாக்ல இது பெரும்பாலும் இருக்காது. கடையில டேப் வச்சு அளந்து போடணும். 150 மாடல்ல குழந்தை மாடல் அம்பது இருக்குமா? ஒரு நாள் வேலை.

பெரியவங்களுக்கு வேற சிக்கல். "18 இஞ்ச் ஃப்ரேம்"ங்கிறது ஒரு பிராண்டுக்கும் இன்னொரு பிராண்டுக்கும் ஒண்ணு இல்ல. ஒருத்தர் சீட் குழாயோட நுனி வரைக்கும் அளக்குறார், இன்னொருத்தர் மேல்குழாயோட நடு வரைக்கும், மூணாவது ஆளு சும்மா பேருக்கு ஒட்டுறார். அதனால சைஸ் பேரு மட்டும் போட்டுப் பிரயோஜனமில்ல. மேல்குழாய்க்கு மேல நின்னா தரையிலிருந்து எவ்வளவுங்கிற ஸ்டாண்டோவர் உயரத்தை செ.மீ.-ல போடுங்க. ஹைப்ரிட், ரோடு சைக்கிள்னா உள்கால் அளவைவிட 2–3 செ.மீ. கம்மியா இருக்கணும், மண் பாதை, மேடு பள்ளத்துக்கான எம்டிபின்னா 5 செ.மீ.யாவது இடைவெளி வேணும்.

உள்கால் அளக்குற முறையை அந்தப் பக்கத்துலயே படத்தோட சொல்லிடுங்க: செருப்பில்லாம சுவரோட ஒட்டி நிக்கணும், கெட்டி அட்டைப் புத்தகத்தோட முதுகு மேல இருக்கும்படி காலிடுக்குல சீட்டில உக்கார்ற அளவுக்கு அழுத்தி வைக்கணும், புத்தகத்தோட மேல் ஓரத்துல பென்சில் கோடு, அங்கேருந்து தரை வரைக்கும் டேப். பேண்ட் அளவைப் போடக் கூடாது, அது நாலஞ்சு சென்டிமீட்டர் குறைச்சுத்தான் வரும். இந்த எச்சரிக்கை இல்லேன்னா பத்துல ஏழு பேரு பேண்ட் அளவைத்தான் போடுவாங்க.

தரவுத்தளம்:
இன்சீமை, அதாவது உள்கால் அளவை, 0.67-ஆல் பெருக்கிச் சைஸ் சொல்லும் கால்குலேட்டரை வைக்கலாமா?

ஸ்பேனர்15:
வேண்டாம் சார். அந்தக் கணக்கு மேல்குழாய் தரைக்கு இணையா இருந்த காலத்து ரோடு சைக்கிளுக்கு. இப்ப வர்ற ஃப்ரேம் பாதிக்கு மேல சரிவுக் குழாய். 54-ன்னு கணக்கு சொல்லும், சைக்கிள்ல எம்-னு எழுதியிருக்கும், வாங்குறவர் தலையைப் பிச்சுக்குவார். உயரம், உள்கால் ரெண்டையும் வாங்கிட்டு அந்தந்த மாடலோட அட்டவணையில பொருத்துங்க. ரெண்டு சைஸுக்கு நடுவுல வந்தா ரெண்டையும் காட்டி, "சின்னது: ஹேண்டில் கிட்ட வரும், திருப்ப லேசு. பெரியது: நீட்டி உக்காரலாம், தூரப் பயணத்துக்கு நல்லது"ன்னு போடுங்க. தெரிஞ்சவங்களுக்கு ரீச், ஸ்டாக்ங்கிற ஃப்ரேம் நீள, உயர எண்கள் கீழ மடிப்புக்குள்ள இருந்தாப் போதும்.

மிதிப்பவள்:
"லேடீஸ் சைக்கிள்" என்று ஒரு பிரிவை மாதிரியில் வைத்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். வாங்குபவர் பெண்ணா என்பது அங்கே கேள்வி இல்லை, மேல்குழாய் தாழ்ந்திருக்கிறதா என்பதுதான். புடவை கட்டுபவரும் அதைத் தேடுவார், முட்டி வலிக்கிற அறுபது வயது ஆணும் தேடுவார். ஃபில்டரில் "ஏறி இறங்கச் சுலபம், தாழ்ந்த குழாய்" என்று வையுங்கள். ஆனால் தேடல் பெட்டியில் "லேடீஸ்" என்று அடித்தால் அதே பட்டியல் வர வேண்டும், ஏனென்றால் ஜனங்கள் அப்படித்தான் அடிப்பார்கள். உயரம் குறைந்த பெண்களை இளஞ்சிவப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு எக்ஸ்எஸ், எஸ் சைஸ்களை மற்ற மாடல்களில் காட்டாமல் விடுவது பல தளங்களில் உள்ள குறை.

இன்னொன்று: ஸ்டாக் தீர்ந்த சைஸை ஒளிக்காதீர்கள். எம் மட்டும் கண்ணில் பட்டால் "ஒரே சைஸ்தான் போல" என்று எம்மையே வாங்கிவிடுவார்கள். மங்கலாக்கி, "வந்ததும் சொல்" என்ற பொத்தான் வையுங்கள். நிறத்தை மாற்றும்போது தேர்ந்த சைஸ் சத்தமில்லாமல் மாறிவிடுவதும் நடக்கும். கறுப்பில் எல் இல்லையென்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சுட்டிவடிவன்:
இருபது ஃபில்டர் பற்றி. போனில் முதலில் தெரிய வேண்டியவை ஐந்து: உயரம், பயன்பாடு, விலை, கியர் உண்டா இல்லையா, பிரேக் வகை. மீதி "மேலும்" என்பதற்குள். விலைக்கு இழுக்கும் ஸ்லைடர் வேண்டாம், கட்டைவிரலால் 14,500-ல் நிறுத்தவே முடியாது. 10 ஆயிரத்துக்குள், 10–20, 20–40, அதற்கு மேல் என்று பொத்தான்கள் போதும்.

ஃபில்டர் கீழிருந்து எழும் தாளாகத் திறக்கட்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் பக்கம் புதிதாக ஏறக் கூடாது, அடியில் உள்ள பொத்தானில் மட்டும் "23 சைக்கிள் காட்டு" என்று எண் மாறிக்கொண்டே வரட்டும். பூஜ்யம் தரும் தேர்வை மங்கலாக்கலாம், மறைக்க வேண்டாம். தேர்ந்தவை பட்டியலுக்கு மேலே சின்னச் சீட்டுகளாக நின்று, ஒரு தொடுதலில் நீங்க வேண்டும். சைக்கிளைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால், விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். இது உடைந்திருக்கும் தளத்தில் ஆறாவது சைக்கிளைப் பார்க்கப் பொறுமை யாருக்கும் இருக்காது. ஃபில்டர் நிலை முகவரி வரியிலும் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் மனைவிக்கும் அதே பட்டியல் திறக்கும்.

பயன்பாடு என்பதில் "எம்டிபி, ஹைப்ரிட், ரோடு" என்று மட்டும் போட்டால் பாதிப்பேருக்குப் புரியாது. "தினமும் வேலைக்கு", "உடற்பயிற்சிக்குத் தார்ச் சாலையில்", "மண் பாதை, மேடு பள்ளம்" என்று எழுதி, வகைப் பெயரைச் சின்ன எழுத்தில் தாருங்கள்.

கடைமேசை:
கேள்வி கேட்டுக் கேட்டு ஒரே சைக்கிளைப் பரிந்துரைக்கும் வழிகாட்டி வைக்கலாம் என்கிறார்கள். எட்டுக் கேள்வி.

சுட்டிவடிவன்:
மூன்றுக்கு மேல் வேண்டாம். உயரம், எங்கே ஓட்டுவீர்கள், எவ்வளவு வரை. மூன்றாவது பதில் முடிந்ததும் அதே பட்டியல் பக்கத்துக்கே ஃபில்டர் போட்ட நிலையில் கொண்டுபோய் விடுங்கள். தனிப் பக்கத்தில் ஒரே ஒரு சைக்கிளைக் காட்டினால், கடை எதையோ தள்ளப் பார்க்கிறது என்று சந்தேகம் வரும்.

தரவுத்தளம்:
எல்லாம் சரி. ஃபில்டர் நன்றாக வேலை செய்யத் தரவு நிறைந்திருக்க வேண்டும். பிரேக் வகை காலியாக உள்ள சைக்கிள், "டிஸ்க்" என்று தேர்ந்த நொடியில் காணாமல் போகும். கடைக்காரர் அது விற்கவே இல்லை என்று நினைப்பார். ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டாயப் புலங்களை வரையறுத்து, அவை நிரம்பாமல் பொருள் வெளியாகாதபடி பூட்டுங்கள்.

எக்செல் வழியாகப் பொருள் ஏற்றுவீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கேசட் (பின்கியர்ப் பல்சக்கரத் தொகுப்பு) அளவு 11-28 என்று அடித்தால் அது நவம்பர் 28 என்று தேதியாகிவிடும். 12-25 டிசம்பராகும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பிறகு மாற்றினால் தேதியின் உள் எண்தான் மிஞ்சும்.

ஸ்பேனர்15:
டயர், டியூப் விஷயத்துக்கு வர்றேன், திரும்பி வர்ற சரக்குல பெரும்பங்கு இதுதான்.

"26 இஞ்ச்"னு ஒரு ஃபில்டர் வச்சா முடிஞ்சது கதை. 26×1.75 டயர் உக்கார்ற ரிம் விட்டம் 559 மி.மீ. 26×1⅜ உக்கார்றது 590. 26×1½ 584. நாலாவதா 26×1¾னு ஒண்ணு, 571. நாலும் 26 இஞ்ச்தான், ஒண்ணுக்கொண்ணு ஏறாது. பழைய கம்பி பிரேக் வண்டியோட 28×1½ 635, ஆனா 700சி-யும் 29 இஞ்சும் ஒரே 622. 27.5 இஞ்ச் 584.

தரவுத்தளம்:
அதாவது பின்னத்தைத் தசமமாக மாற்றிச் சேமித்தால் தப்பு. 1¾-ஐயும் 1.75-ஐயும் கணினி ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும், அங்கே 12 மி.மீ. வித்தியாசம். அளவை எழுத்தாகவே வையுங்கள், கூடவே டயர், ரிம் அளவுக்கான தர எண்ணான இடிஆர்டிஓ (ETRTO) எண்ணைத் தனிப் புலமாக வையுங்கள். அகலம்-விட்டம் என்ற வரிசையில் 47-559 மாதிரி அது டயரின் பக்கச் சுவரிலேயே அச்சாகியிருக்கும். பொருத்தம் பார்ப்பது அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். வாங்குபவர் எதை அடித்தாலும் அதற்குத் திருப்ப வேண்டும்: 26x1.75, 26*1.75, 26 1.75, 26 இன்ச் 1.75. பெருக்கல் குறியை யாரும் அடிக்க மாட்டார்கள். வெறும் "26 டியூப்" என்று அடித்தால் ஊகிக்காமல், "உங்கள் டயரின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நான்கு படங்களோடு கேளுங்கள்.

ஸ்பேனர்15:
டியூப்புக்கு வால்வும் கேக்கணும். பிரெஸ்டா வால்வு 6 மி.மீ. தண்டு, ரிம் ஓட்டை 6.5. கார் வால்வுங்கிற ஷ்ரேடர் 8 மி.மீ., அது அந்த ஓட்டையில நுழையவே நுழையாது. வால்டியூப் போடுற பழைய டன்லப் வால்வு, ஷ்ரேடருக்குப் போட்ட ஓட்டையில உக்காரும். ரிம் ஆழம் அதிகம்னா 48 அல்லது 60 மி.மீ. நீள வால்வு வேணும், இல்லேன்னா பம்பு பிடிக்காது. பேரை எழுதாம மூணு வால்வோட படத்தையும் வரிசையா வச்சுத் தொடச் சொல்லுங்க.

அடுத்து பின்கியர். 7 கியர் சைக்கிள் பெரும்பாலானதுல திருகி ஏத்துற ஃப்ரீவீல்தான், ஆனா வாங்குறவங்க கேசட்னு தேடிக் கேசட் வாங்கிடுவாங்க. அது அந்தச் சக்கரத்தோட நடு ஹப்ல போகாது. பொருள் பக்கத்துல ஒரு சோதனையைச் சொல்லுங்க: பின்சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுத்துங்க. நடுவுல டூல் மாட்டுற பள்ளமும் கூடவே சுத்தினா கேசட். பல்லு மட்டும் சுத்திப் பள்ளம் அசையாம நின்னா ஃப்ரீவீல். பாகத்துல எழுத்து தெரிஞ்சா இன்னும் லேசு, ஷிமானோவுல சிஎஸ்-னு ஆரம்பிச்சா கேசட், எம்எஃப்-னா ஃப்ரீவீல்.

பெடலுக்கு ரெண்டே தேர்வு: பெரியவங்க சைக்கிள்னா 9/16 இஞ்ச், பெடல் மாட்டுற கிராங்க் ஒரே துண்டா வளைஞ்சு வர்ற குழந்தை சைக்கிள்னா 1/2 இஞ்ச்.

கடைமேசை:
"என் சைக்கிள்" என்று மாடலைச் சேமித்துக்கொண்டால் பொருந்துவதை மட்டும் காட்டலாம் இல்லையா?

தரவுத்தளம்:
நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு. பொருத்தம் இரண்டு நிலை அல்ல, மூன்று: பொருந்தும், பொருந்தாது, உறுதியில்லை. தரவு இல்லாத இடத்தில் பச்சை டிக் விழுந்தால் அது பொய். அதே மாடலில் வருடத்துக்கு வருடம் பாகங்கள் மாறும், அதனால் மாடலோடு ஆண்டையும் கேளுங்கள். ஏற்கெனவே டயர், கியர் மாற்றிய சைக்கிளும் இருக்கும். "உறுதியில்லை" என்று வந்தால் போட்டோ அனுப்பும் வாட்ஸ்அப் பொத்தான் வரட்டும், எந்தப் பகுதியைப் படம் எடுப்பது என்ற மாதிரிப் படத்தோடு. "பொருந்தும்" என்று காட்டிய பொருள் பொருந்தவில்லை என்றால் திரும்ப எடுக்கும் கூரியர் செலவு கடையுடையது என்றும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

மிதிப்பவள்:
தேடலில் பட்டறைப் பேச்சையும் சேருங்கள்: பிரேக் கட்டை, போக்ஸ் கம்பி, வால்டியூப், மட்கார்டு. டியூப், ட்யூப், டுயூப் என எல்லா எழுத்தும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள்தான் அதிகம், அதையும் பிடியுங்கள். வாரம் ஒருமுறை "முடிவு இல்லை" என்று வந்த தேடல்களை எடுத்துப் பார்த்தால் அகராதி தானாக வளரும்.

தமிழ் எழுத்துக்கு வரி உயரம் எழுத்தளவைப் போல 1.5 மடங்குக்குக் குறைந்தால் மேலே கொக்கி வெட்டுப்படும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்தால் "கூடையில் சேர்" இரண்டாக உடையும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம், 4.5-க்கு 1 என்ற மாறுபாடாவது வேண்டும். வெயிலில் நின்று போனைப் பார்ப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டிவடிவன்:
படங்கள்: செயின் பக்கத்திலிருந்து முழுச் சைக்கிள், கியர் நெருக்கம், ஹேண்டில், பிரேக், டயர் பக்கச் சுவர். ஐந்தும் எல்லா மாடலுக்கும் ஒரே கோணத்தில், அப்போதுதான் ஒப்பிட முடியும். பட்டியலுக்கு 400 பிக்சல், பொருள் பக்கத்துக்கு 1,200, வெப்பி (WebP) வடிவம். முதல் படத்தை, திரைக்கு வரும்போது மட்டும் இறங்கும் சோம்பல் ஏற்றத்தில் (lazy loading) போடாதீர்கள். பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், அந்த முதல் படத்தைத் தாமதித்தால் அது எட்டாது. அகலம், உயரம் இரண்டையும் நிரலில் எழுதிவிட்டால் படம் வந்ததும் பக்கம் குதிக்காது.

ஒப்பீடு போனில் இரண்டு சைக்கிள் மட்டும். "வேறுபடுவதை மட்டும் காட்டு" என்ற பொத்தான் இருந்தால் நாற்பது வரி எட்டாகச் சுருங்கும்.

மிதிப்பவள்:
படத்துக்குள் விலை எழுத வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. விலையைப் படமாக வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பேனரையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கடைமேசை:
டெலிவரி கட்டணம்? கூரியர்காரர்கள் சொல்லும் எடை, சைக்கிள் எடையைவிட இரண்டு மடங்கு வருகிறது.

தரவுத்தளம்:
அது கன அளவு எடை. நீளம், அகலம், உயரம் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பொதுவான முறை. 140×22×76 பெட்டி என்றால் 46.8 கிலோ, உள்ளே 16 கிலோ சைக்கிள் இருந்தாலும். பெட்டி அளவு மூன்றையும் பொருள் தரவில் வையுங்கள். பொருள் பக்கத்திலேயே பின்கோடு பெட்டி, ஆறு இலக்கம் அடித்ததும் கட்டணமும் நாளும் அங்கேயே. கடைசிப் படியில் 900 ரூபாய் திடீரென்று முளைத்தால் கூடையை விட்டுவிட்டுப் போவார்கள். அதுமட்டுமல்ல, விலையைத் துளித்துளியாக வெளியிடுவது 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும், "இன்னும் 2 மட்டுமே" என்ற பொய் அவசரமும் அதே பட்டியலில் உண்டு.

ஸ்பேனர்15:
பூட்டிக் கொடுக்கிறதையும் அங்கேயே கேளுங்க. பெட்டியில வர்றதுல பொதுவா ஹேண்டில், முன்சக்கரம், பெடல், சீட் மாட்டணும். 15 மி.மீ. ஸ்பேனர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ தேவை. வீட்டுல மாட்டுறப்ப ரெண்டு தப்பு திரும்பத் திரும்ப வரும். ஒண்ணு, முன்ஃபோர்க்கைப் பின்பக்கமாத் திருப்பி வச்சு மாட்டிடுறது. இன்னொண்ணு, இடது பெடல் எதிர்த்திசையில திருகணும்னு தெரியாம அடிச்சு ஏத்திக் கிராங்க் மரையைக் கெடுக்கிறது. சரியும் தப்பும் பக்கத்துல பக்கத்துல ரெண்டு போட்டோ, ஆர்டர் உறுதிச் செய்தியிலும் பெட்டி மூடியிலும்.

மிதிப்பவள்:
"மெக்கானிக் வந்து பூட்டுதல் ரூ. 500" என்பதை முன்கூட்டியே டிக் அடித்து வைக்காதீர்கள். 2020 மின்வணிக விதிகள் முன்டிக் சம்மதத்தை ஏற்பதில்லை. இரண்டு தேர்வும் காலியாக நிற்கட்டும், ஒன்றைத் தொடாமல் அடுத்த படி திறக்காது. அதே விதிகளின்படி குறைதீர் அலுவலர் பெயர், தொடர்பு விவரம் தளத்தில் இருக்க வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்தில் ஏற்புச் செய்தி. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதும் பொருள் பக்கத்தில் வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல.

தரவுத்தளம்:
பணம் செலுத்தும் படி. கணக்கு தொடங்கக் கட்டாயப்படுத்தாதீர்கள், போன் எண் போதும். எண் பெட்டியில் எண் விசைப்பலகை திறக்கட்டும், ஆனால் இன்புட் வகையை "நம்பர்" என்று வைக்காமல் இன்புட்மோடை "நியூமெரிக்" என்று வையுங்கள். +91, இடைவெளி, முன்னால் 0 எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு நிரலே சுத்தம் செய்யட்டும்.

யுபிஐயில் பணம் போய்விட்டு, செயலியிலிருந்து திரும்பும்போது பக்கம் பழைய நிலையிலேயே நிற்பதுண்டு. வாங்குபவர் மறுபடி அழுத்துவார், இரட்டைப் பணம் போகும். ஒரு கூடைக்கு ஒரே ஆர்டர் எண், திரும்பி வந்ததும் "வங்கியிடம் சரிபார்க்கிறோம், மறுபடி செலுத்த வேண்டாம்" என்ற திரை, பின்னணியில் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிரல். யுபிஐயில் ஒரு தடவை செலுத்தும் தொகைக்கு வரம்பு உண்டு என்பதால், அதற்கு மேற்பட்ட சைக்கிளுக்கு மாதத் தவணை, வங்கிப் பரிமாற்றம் இரண்டும் மேலே வரட்டும். தோல்வியடைந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

கடைமேசை:
நிறையத் தெளிவாயிற்று. வெளியிடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

சுட்டிவடிவன்:
கடைக்கு வரும் ஐந்து பேரிடம், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்து மூன்று வேலை சொல்லுங்கள். 118 செ.மீ. பிள்ளைக்குச் சைக்கிள் தேர்ந்தெடுங்கள். வாசலில் நிற்கும் இந்தப் பழைய சைக்கிளுக்கு டியூப் வாங்குங்கள். பொள்ளாச்சிக்கு அனுப்ப எவ்வளவு என்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறது, எதைத் தொட்டு ஏமாறுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். வடிவமைத்தவரும் அங்கே இருக்க வேண்டும், ஆனால் விளக்கம் சொல்லக் கூடாது.

ஸ்பேனர்15:
டியூப் சோதனைக்கு 26×1⅜ வண்டியை நிறுத்துங்க. 1.75 டயர் போட்டதை நிறுத்தினா எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க.